இடது காலின் இடமாற்றச் சான்றிதழ்

மேஸ்திரி முப்பத்திரண்டு வருஷம் மண்டியிட்டே பிழைத்தவர். யாருக்கும் பயந்து அல்ல; டைல்ஸ் ஒட்டுகிற வேலையை நின்றுகொண்டு செய்ய முடியாது. ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை விடமாட்டார். அவர் கைபட்ட தரைகள் எல்லாம் மட்டமாயின. அவருடைய இரண்டு முட்டிகளும் மேடும் பள்ளமுமாயின.

ஐம்பத்தெட்டாவது வயதில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை. பாதி வழியில் சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

"ஒண்ணு உக்காருங்க, இல்லேன்னா நில்லுங்க. மேலிடத்துக் கையெழுத்துக்குக் காத்திருக்கிற ஃபைல் மாதிரி நடுவுல நிக்காதீங்க" என்பார் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தேழு வருஷமாக எழுத்தர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஃபைல்தான் ஞாபகம் வரும்.

கான்ட்ராக்டர் நல்ல மனுஷர். "இனிமே நீங்க மண்டியிட வேண்டாம் மேஸ்திரி, மேற்பார்வை பாருங்க. ஆனா நாலு மாடி ஏறி இறங்கணும். கீழ நின்னுக்கிட்டு மேல பாத்தா அது மேற்பார்வை ஆகாது" என்றார். அதனால் கணவனும் மனைவியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே எலும்புத் துறையில் இரண்டு பிரிவுகள் இருந்தன. எட்டடி அகல நடைவழிக்கு இந்தப் பக்கம் முதல் பிரிவு, அந்தப் பக்கம் இரண்டாம் பிரிவு. இரண்டின் தலைவர்களும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தபாலில் எழுதுவார்கள். எட்டடியைக் கடக்கக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆகும்.

சண்டைக்குக் காரணம் முட்டிச் சில்லு.

முட்டிக்கு முன்னால் வட்டமாக ஒரு சிறிய எலும்பு இருக்கிறதே, அதுதான் சில்லு. அறுவையின்போது அதை ஓரமாக ஒதுக்கினால்தான் உள்ளே கை போகும். பிறகு தொடை எலும்பின் அடியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் சீவி, உலோகம் பொருத்தி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு வைப்பார்கள். எவ்வளவு தடிமனான தகடு என்று தெரிய நடு இடைவெளியை அளக்க வேண்டும். கால் நீட்டியிருக்கும்போது ஒரு தடவை, மடக்கியிருக்கும்போது ஒரு தடவை. இரண்டும் சமமாக வந்தால் மனுஷன் நடப்பான். வராவிட்டால் மூட்டு இறுகும், அல்லது ஆடும்.

இதுவரை இரு பிரிவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அளக்கும்போது சில்லு எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் வம்பு. ஒதுக்கினது ஒதுக்கினபடியே இருக்க, அப்படியே அளப்பவர் முதல் பிரிவுத் தலைவர். வார்டில் அவருக்கு ஒதுக்கல் டாக்டர் என்று பெயர். சில்லைத் திரும்ப அதன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பவர் இரண்டாம் பிரிவுத் தலைவர். "சில்லு அங்கயே இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி அவர் இருக்கட்டும் டாக்டர் ஆனார். இரண்டு அளவுக்கும் இடையே வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். இரண்டு டாக்டர்களுக்கும் இடையே எட்டடி.

இதைத் தீர்ப்பதற்காக நிர்வாகம் 'சில்லு நிலை ஒருங்கிணைப்புக் குழு' ஒன்றை அமைத்திருந்தது. அதன் தலைவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். முட்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் என்பதால் நடுநிலையானவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர். குழு நாற்பத்தொரு தடவை கூடியிருந்தது. முத்திரையின் வடிவம் வட்டமா நீள்வட்டமா என்பதில் மட்டும் இதுவரை ஒருமித்த முடிவு வந்திருந்தது.

மேஸ்திரியின் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் குழுத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டு முட்டியும் ஒரே மாதிரி, ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன.

"இப்படி ஒரு ஆளுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தோம்!" என்றார். "ஒரே மனுஷன், ஒரே எடை, ஒரே தேய்மானம். இடது முட்டி முதல் பிரிவுக்கு. வலது முட்டி இரண்டாம் பிரிவுக்கு. எது சரின்னு உலகத்துக்கே தெரிஞ்சுடும்."

"ஐயா, இவருக்கு எது நல்லது?" என்று கேட்டார் மனைவி.

"அதைத்தாம்மா கண்டுபிடிக்கப் போறோம்."

"கண்டுபிடிச்சதுக்கப்புறம் ஆபரேஷன் பண்ணக் கூடாதா?"

"ஆபரேஷன் பண்ணாம எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

மனைவி மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி ஒப்புக்கொண்டார். சாதாரண நோயாளியாக வரிசையில் நின்றால் பதினாலு மாசம். ஒப்பீட்டு நோயாளியாகப் படுத்தால் அடுத்த வாரமே என்றார்கள்.

அடுத்த வாரம் போனபோது சேர்க்கைக் கவுன்ட்டரில் இரண்டு படிவம் நீட்டினார்கள்.

"ஆள் ஒருத்தர்தானே?" என்றார் மனைவி.

"ஆள் ஒருத்தர்தான்க்கா. அட்மிஷன் ரெண்டு" என்றார் கவுன்ட்டர்காரர். "இடது கால் நடைவழிக்கு இந்தப் பக்கம், வலது கால் அந்தப் பக்கம்."

இதில் நடைமுறைச் சிக்கல் இருப்பது மாலைக்குள் நிர்வாகத்துக்கே புரிந்துவிட்டது. கட்டிலை நடைவழியின் நட்ட நடுவில் போட்டார்கள். மேஸ்திரியின் மூக்கு நுனியிலிருந்து கட்டிலின் கால்மாடு வரைக்கும் ஒரு மஞ்சள் நாடா ஒட்டினார்கள். இடது கணுக்காலில் நீலப் பட்டை, வலது கணுக்காலில் பச்சைப் பட்டை. முதல் பிரிவு நர்ஸ் வந்து இடது கையில் ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டாம் பிரிவு நர்ஸ் வந்து வலது கையில் பார்த்தார். முதல் பிரிவு, விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றது. இரண்டாம் பிரிவு, ஏழு மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்றது. தொண்டை எந்தப் பிரிவு என்று தெரியாததால் மேஸ்திரி எச்சிலை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

அறுவை அறையில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. மார்புக்கு முன்னால் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் எந்தப் பிரிவையும் சேராதவர். அதனால் இரண்டு பிரிவோடும் பேசுகிற ஒரே ஆள்.

துணிக்கு அந்தப் பக்கம் ஒதுக்கல் டாக்டரின் குரல் கேட்டது. "சில்லை ஒதுக்கு. நல்லா ஒதுக்கு. நீட்டினா இருபது. மடக்கினா இருபது. சமம்! எழுதிக்கோங்க, சமம்!"

இருபது மில்லிமீட்டர் என்றதும் மேஸ்திரிக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார்.

துணிக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "யார் பேசறது?"

"பேஷண்ட் சார்."

"பேஷண்ட் எதுக்குப் பேசறார்?"

"மரத்துப்போனது இடுப்புக்குக் கீழதான் சார்" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்கய்யா" என்றார் மேஸ்திரி. "கதவு இருக்கிற இடத்துல டைல்ஸ் போட்டா, நாங்க கதவை மாட்டி ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டுத்தான் உயரத்தை முடிவு பண்ணுவோம். கழட்டி ஓரமா சாத்தி வெச்சுட்டு அளந்தா சரியாத்தான் இருக்கும். திரும்ப மாட்டினா கதவு தரையில உரசும். அந்தச் சில்லைத் திரும்ப வெச்சா இழுத்துப் பிடிக்காதா?"

கத்தி ஒன்று தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இருபத்தாறு வருஷம்" என்றது துணிக்கு அப்பாலிருந்து குரல். "நாலாயிரம் முட்டி. அத்தனையும் ஒதுக்கித்தான் அளந்தேன். இதுவரைக்கும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், என் அறைக்குத் திரும்பி வந்து கால் மடங்கலைன்னு சொன்னதில்லை."

டாக்டரம்மா மேஸ்திரியின் காதோரம் குனிந்தார். "அவர் ரூம் மூணாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். கால் மடங்கறவங்கதான் ஏறி வர முடியும்."

இடது முட்டியை மூடினார்கள். முதல் பிரிவு தன் சாமான்களோடு வெளியேறியது. சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போனது. ஐம்பது நிமிஷம் கழித்து இரண்டாம் பிரிவு தன் கடிகாரத்தோடு உள்ளே வந்தது. அது நான்கு நிமிஷம் முன்னால் ஓடியது.

இருக்கட்டும் டாக்டர் வலது முட்டியைத் திறந்தார். வேலை முடிந்ததும் சில்லை அதன் இடத்தில் உட்காரவைத்தார். பளபளப்பான கருவி ஒன்றால் அளந்தார். சுற்றி நின்ற பதினோரு பேரும் பார்க்கட்டும் என்று பதினோரு தடவை அளந்தார்.

"பாத்தீங்களா? பதினெட்டு! அந்தப் பக்கத்துல இருபதுன்னு எழுதியிருப்பாங்க. ஒதுக்கினா இருபதுதான் வரும். சில்லு தன் இடத்துக்கு வந்ததும், மடக்கும்போது அந்த இடைவெளி சுருங்கிடும். நான் இதைப் பதினோரு வருஷமா சொல்றேன்."

மேஸ்திரி தலையைத் தூக்கப் பார்த்தார். "அப்ப என் இடது கால்ல தப்பா அளந்துட்டாங்களா ஐயா?"

"சந்தேகமே இல்லை."

"நீங்க கொஞ்சம் பாத்துச் சரி பண்ணிடக் கூடாதா? பக்கத்துலதானே இருக்கு."

"அது எங்க கால் இல்லையே" என்றார் இருக்கட்டும் டாக்டர், உண்மையான வருத்தத்தோடு. "தவிர, அதைச் சரி பண்ணிட்டா ஒப்பீடு கெட்டுப்போயிடுமே."

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. காலை ஒன்பது மணிக்கு முதல் பிரிவின் பயிற்சியாளர் வந்து இடது காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவார். பதினொரு மணிக்கு இரண்டாம் பிரிவின் பயிற்சியாளர் வந்து வலது காலை நீட்டி மடக்குவார். நடக்க மட்டும் யாரும் வைக்கவில்லை. நடப்பதென்றால் இரண்டு காலும் வேண்டும். அதற்கு இரண்டு பிரிவின் கையெழுத்தும் வேண்டும்.

"கடிதம் போட்டிருக்கோம்மா" என்றார் நர்ஸ். "நடை யாரோட பொறுப்புன்னு குழு முடிவு பண்ணணும்."

குழு கூடியது. நடை என்பது இரண்டு பிரிவுகளின் வரம்புக்கும் வெளியே நிகழ்வது என்று முடிவு செய்து கலைந்தது. நான்கு நாள் மேஸ்திரி படுத்தே கிடந்தார். கெண்டைக்கால் வீங்கியது. ரத்தம் கட்டிக்கொண்டால் ஆபத்து என்று டாக்டரம்மா போகிற போக்கில் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை மனைவி ஸ்கூலுக்கு லீவு சொன்னார். நடைவழி மூலையில் கிடந்த வாக்கரை இழுத்துவந்து கட்டிலோரம் வைத்தார்.

"எழுந்திருங்க."

"யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். என் புருஷன், ரெண்டு காலும் என்னோடது. எழுந்திருங்க."

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கழிவறைவரை பதினேழு அடி. போகும்போது அழுதார், திரும்பும்போது சிரித்தார். மத்தியானம், அனுமதியின்றி நடந்தமைக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மனைவி அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதினார்: 'என் கணவர் கழிவறைக்குச் சென்றார். வழியில் நடை ஏற்பட்டது. இதில் உள்நோக்கம் ஏதும் இல்லை.' பதில் ஏற்கப்பட்டு ஃபைலில் வைக்கப்பட்டது.

எட்டு வாரம் ஆயிற்று. வலது கால் நன்றாக மடங்கியது. இடது கால் எண்பது டிகிரியில் முரண்டு பிடித்து நின்றது; அதற்கு மேல் மடக்கினால் முட்டிக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. மாடிப்படியில் வலது கால் ஏறும், இடது கால் கீழேயே நின்று யோசிக்கும். கான்ட்ராக்டர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மூன்றாம் தடவை அவர் குரலில் சுருதி குறைந்திருந்தது.

முதல் பிரிவில் காட்டினார்கள். இளம் டாக்டர் ஒருவர் ரெக்கார்டைப் புரட்டினார். "நீட்டினா இருபது, மடக்கினா இருபது. சமமா இருக்கே. இறுக்கமா இருக்க வாய்ப்பே இல்லை" என்று சொல்லி இடது காலை மடக்கினார். மேஸ்திரி அலறிய அலறலில் பக்கத்து அறையில் ஒரு டம்ளர் விழுந்தது. இளம் டாக்டர் குறிப்பு எழுதினார்: 'நோயாளி சத்தமிட்டார். மூட்டு அமைதியாக உள்ளது.'

வெளியே வரும்போது டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பெரிய வேலையே இல்லைம்மா. உள்ள இருக்கிற தகட்டை எடுத்துட்டு ரெண்டு மில்லிமீட்டர் மெலிசா ஒண்ணு வெச்சா மடங்கிடும். ஆனா அதைச் செய்யணும்னா அளவு தப்புன்னு முதல் பிரிவு ஒத்துக்கணும்."

"ஒத்துக்க மாட்டாங்களா?"

"அதுக்கு நாலாயிரம் முட்டி குறுக்க நிக்குதும்மா."

மதிப்பீட்டுக் கூட்டம் நடந்தது. நீள மேஜையின் ஒரு கோடியில் ஒதுக்கல் டாக்டர், மறு கோடியில் இருக்கட்டும் டாக்டர், நடுவில் குழுத் தலைவர். மேஸ்திரியை எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்தார்கள்.

"இடது கால் எப்படி இருக்கு?"

"மடக்கினா இறுக்குதுங்கய்யா."

ஒதுக்கல் டாக்டர் தலைவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "மக்கள் பாஷையில இறுக்கம்னு சொல்றார். நாங்க அதை உறுதின்னு சொல்லுவோம். தளர்ந்துபோகாத மூட்டு! இதுக்காகத்தான் பாடுபடறோம்."

"வலது கால்?"

"நல்லா இருக்குங்கய்யா. படி இறங்கும்போது மட்டும் டொக்குனு ஒரு சத்தம்."

"அது சத்தம் இல்லை" என்றார் இருக்கட்டும் டாக்டர். "சில்லு சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். சந்தோஷமா இருக்கிறவங்க பேசத்தானே செய்வாங்க?"

குழுத் தலைவர் கண்களை மூடி யோசித்தார். "ஒரு கால் உறுதி. ஒரு கால் சந்தோஷம். ரெண்டு பிரிவும் ஜெயிச்சிருக்கு. இதுல வருத்தம் என்னன்னா, யாரும் தோக்கலை. அதனால இன்னொரு நோயாளி வேணும்."

மனைவி கையைத் தூக்கினார். "ஐயா, இவரோட இடது காலை இரண்டாம் பிரிவுக்கு மாத்திக் குடுக்க முடியுமா?"

"அதுக்கு விதியும் இல்லை, படிவமும் இல்லைம்மா."

"படிவம் இருந்தா?"

"படிவம் இருந்தா விதி தானா வந்துடும்" என்றார் தலைவர் பெருந்தன்மையோடு.

அன்று சாயங்காலம் மனைவி சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாள்களை விரித்து, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டார். இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் டி.சி. எழுதிய கை. தலைப்பு: இடமாற்றச் சான்றிதழ். பெயர்: இடது கால். பாதுகாவலர்: மேஸ்திரி. இதுவரை இருந்த பிரிவு: முதல் பிரிவு. சேரவிருக்கும் பிரிவு: இரண்டாம் பிரிவு. அடையாளக் குறி: முட்டியில் நெடுக்கு வாட்டத்தில் எட்டு அங்குலத் தழும்பு. நடத்தை: திருப்தி. விலகும் காரணம்: மேற்படிப்பு.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "நடத்தை திருப்தின்னு போட்டிருக்கே. நடக்கவே வரலையே."

"நடை வேற, நடத்தை வேற. சும்மா இருங்க."

"இதையெல்லாம் எவன் ஏத்துப்பான்?"

"மூணு பிரதி இருக்கு. வரிசை எண் இருக்கு. கீழ வலது மூலையில முத்திரை வைக்க ஒரு கட்டம் விட்டிருக்கேன். காலிக் கட்டத்தைப் பாத்துட்டுச் சும்மா இருக்கிற ஆபீஸ் இன்னும் பொறக்கலை."

அவர் சொன்னபடிதான் நடந்தது. கவுன்ட்டர்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கவில்லை. காலிக் கட்டத்தைக் கண்டதும் அவர் கை தானாக முத்திரையை எடுத்தது. வட்ட முத்திரை, மூன்று தடவை. ஒரு பிரதி பழைய பிரிவுக்கு, ஒரு பிரதி புதிய பிரிவுக்கு, ஒரு பிரதி குழுவுக்கு. முதல் பிரிவு எழுத்தர் இடது காலைத் தன் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தார். இரண்டாம் பிரிவு எழுத்தர் நீல மையால் ஏற்றினார்.

மறு வாரம் இருக்கட்டும் டாக்டர் இடது முட்டியைத் திறந்து, சில்லை இடத்தில் வைத்து அளந்தார். நீட்டினால் இருபது, மடக்கினால் பதினெட்டு. மெல்லிய தகட்டைப் பொருத்தி, நீட்டும்போது ஆடாதபடி பக்கத்துத் தசைநாரையும் சரிசெய்தார். ஆறு வாரத்தில் இடது கால் நூற்றுப்பதினைந்து டிகிரி மடங்கியது. மேஸ்திரி நாலாவது மாடிக்கு ஏறிப்போய் அங்கிருந்து கான்ட்ராக்டருக்குப் போன் செய்தார். "மேலதாங்க இருக்கேன். மேல இருந்துதான் பேசறேன்" என்று மூன்று தடவை சொன்னார். கீழே இறங்கி வந்து, காரணமே இல்லாமல் மறுபடி ஏறினார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் கார் ஒன்று நின்றது. கதவைப் பிடித்து, காரின் கூரையைப் பிடித்து, கேட்டைப் பிடித்து ஒருவர் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். ஒதுக்கல் டாக்டர்.

நாற்காலியில் உட்காரவே அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மேஸ்திரிக்கு அந்த உட்கார்தல் பழக்கமானது. ஓடிப்போய் தோளைத் தாங்கினார்.

"நின்னு நின்னே ஆபரேஷன் பண்ணினதுல வலது முட்டி போயிடுச்சு" என்றார் டாக்டர். "அம்மா, எனக்கும் ஒரு டி.சி. எழுதித் தரணும்."

மனைவி பேனாவை எடுத்தார். "எதுலேருந்து எதுக்கு?"

"ஊழியர்னா அவங்கவங்க பிரிவுலதான் பண்ணிக்கணும்னு விதி. எனக்கு..." டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு எதிர் பிரிவுல பண்ணிக்கணும்."

மனைவி மூன்று பிரதிக்கும் தாள் எடுத்துவைத்தார்.

"காரணம் என்ன எழுதட்டும் டாக்டர்?"

"குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடுங்க."

"மத்ததெல்லாம் நான் எழுதறேன். காரணத்தை நீங்க உங்க கையால எழுதுங்க. உண்மைக் காரணம். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவர் அன்னிக்கு அலறினதை 'சத்தமிட்டார்'னு எழுதினது உங்க பிரிவுதானே?"

டாக்டர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். முட்டியைத் தடவினார். பிறகு எழுதினார்: 'சில்லை அதன் இடத்தில் வைத்து அளந்தால்தான் மூட்டின் உண்மையான இடைவெளி தெரியும்.' அடியில் கையெழுத்து. பழக்க தோஷத்தில் தேதியும் பதவியும்.

"அப்ப இனிமே உங்க பிரிவுலயும் இப்படித்தான் அளப்பீங்களா ஐயா?" என்றார் மேஸ்திரி ஆவலோடு.

டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வேற மேஸ்திரி. அது கொள்கை. இது என் முட்டி."

திங்கட்கிழமை அவர் இரண்டாம் பிரிவில் போய்ப் படுத்துக்கொண்டார். அவரது சான்றிதழின் மூன்றாம் பிரதி, முறைப்படி, குழுவுக்குப் போயிற்று. குழுத் தலைவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளை முழுசாகப் படித்தார். முதல் பிரிவுத் தலைவரே தன் கைப்பட எழுதி, பதவியும் தேதியும் போட்டுக் கொடுத்த முடிவு! அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று: 'முதல் பிரிவில் இனி சில்லை ஒதுக்கி அளப்பது ஒதுக்கிவைக்கப்படுகிறது.'

செவ்வாய்க்கிழமை காலை இருக்கட்டும் டாக்டர் அதைப் படித்தார். ஜெயித்த மனுஷன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எதிர்ப் பிரிவும் தன் பிரிவும் ஒரே மாதிரி அளந்தால் தனியாக இரண்டாம் பிரிவு எதற்கு, அதற்கொரு தலைவர் எதற்கு என்று நிர்வாகம் கேட்குமே! மத்தியானத்துக்குள் அவரும் ஒரு அறிக்கை விட்டார்: 'முதல் பிரிவு இன்று கைக்கொண்டிருக்கும் முறையைக் கூர்ந்து ஆராய்ந்ததில் அதில் பெரும் குறைகள் இருப்பது தெரியவருகிறது.'

புதன்கிழமை அறுவை. நடந்ததை டாக்டரம்மாதான் பிறகு மனைவியிடம் சொன்னார். ஒதுக்கல் டாக்டர் நிம்மதியாகப் படுத்திருந்தாராம். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்ததாம்: "சில்லை ஒதுக்கு. நல்லா ஒதுக்கு. ஆங், இப்ப அளங்க."

"உள்ள வெச்சு அளய்யா! உள்ள வெச்சு!" என்று கத்தினாராம் அவர்.

"பதற்றப்படாதீங்க சார்" என்றதாம் குரல். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் நேரில் பேசிக்கொண்டது அப்போதுதான். "இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ள முறை. நாலாயிரம் முட்டி. ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை."

பத்து நாள் கழித்து மேஸ்திரியும் மனைவியும் பார்க்கப் போனார்கள். ஒதுக்கல் டாக்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கால் மரக்கட்டைபோல நீட்டிக் கிடந்தது. மனைவியைக் கண்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"அம்மா, அந்தப் படிவம் ஒண்ணு கொண்டுவந்திருக்கீங்களா?"

"பையிலதான் இருக்கு. எந்தப் பிரிவுக்கு மாத்தணும்?"

டாக்டர் நடைவழியின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேஸ்திரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டிலோரம் குனிந்து, உண்மையான அக்கறையோடு சொன்னார்.

"முதல் பிரிவுக்கே போயிடுங்கய்யா. இப்பல்லாம் அங்க சில்லை உள்ள வெச்சுத்தான் அளக்கறாங்களாம். நல்ல கைன்னு பேசிக்கறாங்க."